தடயம்: திரையில் ஒன்று, சாத்தான்குளத்தில் ஒன்று

அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு உவரிக்குப் போயிருந்தபோது அக்கா மகன் கேட்டான்: "மாமா, நீங்க தடம் பாத்திருக்கீங்கள்லா? அந்த மாதிரி வேலைக்குப் போகணும். தடய அறிவியல்." பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறான். அவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது இந்தக் குறிப்பாக நீண்டுவிட்டது. பாதி சினிமா விமர்சனம், பாதி ஒரு அறிக்கையை வாசித்த அனுபவம்.

முதலில் படம். மகிழ் திருமேனியின் 'தடம்' (2019) எனக்குப் பிடித்த படம்தான். ஒரே உருவமுள்ள இரட்டையர், இருவருக்கும் அருண் விஜய். கொலை செய்தது எவன் என்று போலீஸ் திணறுகிறது, டி.என்.ஏ.வும் கைவிட்டுவிடுகிறது. (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையருக்கு வழக்கமான டி.என்.ஏ. சோதனையில் வித்தியாசம் தெரியாது, அது சரிதான். ஆனால் விரல் ரேகை அப்படியில்லை. கருப்பையில் இருக்கும்போதே அது ஆளுக்கு ஆள் மாறிவிடும். இப்படி ஒரு கதை நிற்க வேண்டுமானால் விரல் ரேகையை எப்படியாவது ஓரங்கட்டியாக வேண்டும். திரைக்கதைக்காரர்களுக்கு இது தெரியும். அதில் எனக்குப் புகார் இல்லை.

என் புகார் வேறு. நம் படங்களில் தடயம் எப்போதும் 'கிடைத்துவிடுகிறது'. மிஷ்கினின் 'யுத்தம் செய்' (2011) படத்தில் சிபிசிஐடி அதிகாரி, பிணவறை மருத்துவர் ஜூடாஸ், வெட்டிய கைகள் எல்லாம் உண்டு. ஜெயப்பிரகாஷ் நடித்த அந்த மருத்துவரை மறக்க முடியாது. ஆனால் கைப்பற்றிய பொருள் ஆய்வகத்துக்கு எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பதை எந்தப் படமும் காட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. சாட்சிகள் கையெழுத்துப் போடும் மகஜர், பொருளை நீதிமன்றத்தில் ஒப்படைக்கும் படிவம் 95, மாஜிஸ்திரேட் வழியாக ஆய்வகத்துக்குப் போகும் கடிதம், முத்திரை வைத்த உறை. இதெல்லாம் திரையில் சலிப்பூட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வழக்கு உடைவதோ அங்கேதான். பொருள் யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் ஆய்வக முடிவை வைத்து நாக்கு வழிக்கக்கூட முடியாது.

இன்னொன்று, இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் தடயத்தைத் தேடுகிறவர் போலீஸ், அழிக்கிறவன் குற்றவாளி. தேடவேண்டியவரே அழிக்கும் இடத்தில் இருந்தால்?

உவரியிலிருந்து திசையன்விளை வழியாகப் போனால் சாத்தான்குளம் ஒன்றும் தூரமில்லை. சின்ன வயதில் அம்மாவோடு பஸ்ஸில் போன ஊர். 2020 ஜூன் 19 ராத்திரி அந்தக் காவல் நிலையத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ். மறுநாள் ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச் சிறை. 22ஆம் தேதி இரவு மகன், 23ஆம் தேதி அதிகாலை அப்பா. ஊரடங்கில் நான் பெங்களூரு வீட்டில் அடைந்து கிடந்தேன். அம்மா போனில், "அந்தப் பையன் கடையிலதான்ல உனக்கு போன் கவர் வாங்கிக் குடுத்தேன்" என்றாள். எனக்கு அது ஞாபகமே இல்லை. அதற்குப் பிறகு மறக்கவும் இல்லை.

உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்து, கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசனை விசாரிக்க அனுப்பியது. அவர் ஜூன் 28 அன்று காவல் நிலையத்துக்குப் போய், பின்பு அனுப்பிய அறிக்கையை இதுவரை நாலைந்து முறை வாசித்திருப்பேன். அடைமொழி இல்லை, கோபம் இல்லை. யார் எங்கே நின்றார், எதைக் கேட்டார், எதைத் தரவில்லை என்று வரிசையாகப் போகிறது. தமிழில் வந்த எந்தக் குற்றப் படத்தையும்விட அது என்னைப் பயமுறுத்தியது.

காரணம், அதில் தடயம் கண்ணெதிரே நழுவிக்கொண்டிருக்கிறது. தலைமைக் காவலர் ரேவதி பயந்து பயந்து சாட்சி சொல்கிறார். லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது, உடனே எடுக்காவிட்டால் அழித்துவிடுவார்கள் என்கிறார். லத்தியைக் கேட்டால் காதில் விழாதது போல நிற்கிறார்கள். ஒருவர் சுவர் ஏறிக் குதித்து ஓடுகிறார். விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டையே வீடியோ எடுக்கிறார்கள். ஒரு காவல் நிலையத்தைக் காவல்துறையிடமிருந்து காப்பாற்ற வருவாய்த்துறை ஆட்களைப் போடும்படி நீதிமன்றம் கலெக்டருக்குச் சொல்ல வேண்டி வந்தது. இதைத் திரைக்கதையில் எழுதினால் 'லாஜிக் இல்லை' என்பார்கள்.

எனக்கு, மென்பொருள் ஆள் என்கிற முறையில், அறிக்கையில் தொண்டையில் சிக்கிய இடம் ஒன்றுதான். நிலையத்தில் சிசிடிவி இருந்தது. ஹார்ட் டிஸ்க் 1 டிபி. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19 முதலான பதிவு எதுவும் இல்லை.

நிலையத்தில் எட்டு கேமரா என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் எழுதினால் ஒரு கேமராவுக்கு நாளைக்கு சுமார் 10.8 ஜிபி. எட்டுக்கும் சேர்த்து 86 ஜிபி. அப்படியானால் 1 டிபி டிஸ்க் பதினோரு நாளைக்கு மேல் தாங்கும். ஜூன் 19 ராத்திரிக்கும் மாஜிஸ்திரேட் உள்ளே நுழைந்த 28ஆம் தேதிக்கும் இடையே ஒன்பது நாள். அதாவது டிவிஆரை அதன் போக்கில், டிஸ்க் நிரம்பிய பிறகு பழசின் மேல் எழுதும்படி விட்டிருந்தாலே அந்த ராத்திரி அங்கே இருந்திருக்கும். நாலு கேமரா என்றால் மூன்று வாரத்துக்கு மேல். கேமராவின் தரம் கூடினால் இந்தக் கணக்கு குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே நாள் என்பது எந்தக் கணக்கிலும் டிஸ்க் கொள்ளாமல் வந்த எண் இல்லை. மெனுவுக்குள் போய் ஒருவர் தேர்ந்தெடுத்திருக்க வேண்டிய எண்.

இந்த வேலையை நானே ஒரு தடவை செய்திருக்கிறேன். ஒரு கம்பெனியில், சர்வர் செலவைக் குறைக்க லாக் கோப்புகளை ஒரு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம் என்று நான்தான் மாற்றினேன். இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் ஒருவரின் பணம் காணாமல் போனபோது பார்க்க ஒன்றுமே இல்லை. அன்றைக்கு மீட்டிங்கில் என் மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் விஷயத்தில் போனது பணம்.

1991 ஸ்ரீபெரும்புதூரை இதோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. குண்டு வெடிப்பில் புகைப்படக்காரர் ஹரிபாபு இறந்துபோனார், அவர் கேமரா பிழைத்தது. பிலிமைக் கழுவியபோது பத்துப் படங்கள். அந்த வழக்கே அதில்தான் எழுந்து நின்றது. அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன், சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் உலோகக் குண்டுகளையும் வைத்து, இடுப்பில் கட்டிய பெல்ட் குண்டு அது என்று திரும்ப உருவாக்கிக் காட்டினார். செத்தவர் கையிலிருந்த ஒரு பிலிம் ரோல் பத்துப் படத்தைப் பத்திரமாக வைத்திருந்தது. 29 வருஷம் கழித்து அரசுக் கட்டடத்தில், மின்சாரம், கேமரா, 1 டிபி எல்லாம் இருந்தும் பூஜ்யம்.

ஆனாலும் சாத்தான்குளத்தில் எல்லாம் அழிந்துவிடவில்லை. முதலில் சிபிசிஐடி, பிறகு சிபிஐ வந்தது. தரையில் கிடந்த ரத்தத்தை பென்னிக்ஸையே அவர் துணியால் துடைக்க வைத்தார்கள் என்கிறது சிபிஐ குற்றப்பத்திரிகை. அப்படித் துடைத்த பிறகும், நிலையத்திலும் லத்தியிலும் எடுத்த மாதிரிகளின் டி.என்.ஏ. அந்த இரண்டு பேருடையதோடு பொருந்தியது. டிஜிட்டல் கண் மறந்ததை சுவரும் லத்தியும் மறக்கவில்லை. 'தடம்' படத்தில் டி.என்.ஏ. தோற்றது, இங்கே அதுதான் பேசியது. ஆனால் அதைப் பேச வைத்தது ஆய்வகக் கருவி மட்டும் இல்லை. 'இப்போதே எடுங்கள்' என்று சொன்ன ஒரு பெண் காவலரும், லத்தியைத் தராமல் வெளியே போவதில்லை என்று நின்ற ஒரு மாஜிஸ்திரேட்டும். நம் படங்களில் இந்த இரண்டு பாத்திரமும் இல்லை.

அதே 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைக்க வேண்டும், முடியாவிட்டால் ஒரு வருடமாவது வேண்டும் என்றது. என் கணக்குப்படி எட்டு கேமராவுக்கு 18 மாதம் என்றால் 47 டிபி. அந்த டிஸ்க்கை வாங்கிப் போடுவது சுலபம். அதன் மெனுவுக்குக் கடவுச்சொல் யாரிடம் என்பதுதான் என் கேள்வி.

மருமகனுக்கு வருகிறேன். அவனிடம் சொன்னது இதுதான். தடய அறிவியல் துறை போலீசுக்குக் கீழே இல்லை, உள்துறையின் கீழ் தனித் துறை. 1849இல் மெட்ராஸில் தொடங்கிய வேதியியல் ஆய்வகத்தின் வாரிசு, திருநெல்வேலியிலேயே வட்டார ஆய்வகம் இருக்கிறது. அங்கே இளநிலை அறிவியல் அலுவலராகப் போக டிஎன்பிஎஸ்சி எழுத வேண்டும். விரல் ரேகைப் பிரிவு எஸ்.ஐ. என்றால் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், அது போலீஸ் வேலை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்குத் தடயவியல் ஆள் நேரில் போக வேண்டும் என்று இருக்கிறது; நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து வருடம் அவகாசம். ஆள் நிறையத் தேவைப்படும்.

"ரெண்டுல எது மாமா நல்லது?" என்றான். "எழுத்து நல்லா இருக்கணும்ல. நாள் பூரா உறை மேல முத்திரை, நம்பர், நேரம் எழுதுற வேல" என்றேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு மாஜிஸ்திரேட் அறிக்கையை அவன் போனுக்கு அனுப்பினேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை. மூன்றாம் நாள் டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தை பிரிண்ட் எடுக்கத் திசையன்விளைக்குப் போயிருக்கிறான் என்று அக்கா சொன்னாள்.

மின்னணு ஆவணச் சான்றிதழ், ஹாஷ் மதிப்பு பற்றித் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பதிவில் போடுகிறேன்.