மனவிழிப்பும் மாணவர் மனவழுத்தமும்: ஆய்வுவினாவின் இயல்பு

"மனவிழிப்புப் பயிற்சி மாணவர்தம் மனவழுத்தத்தைத் தணிக்குமோ?" என்பது இந்நாளில் ஆராய்ச்சியாளர் பலரும் எழுப்பும் வினா. மூச்சின் வரவு போக்கையும் உள்ளத்தெழும் எண்ணங்களையும் நன்று தீதென்னாது நோக்கியிருத்தலே ஈண்டு மனவிழிப்பெனப்படுவது. பௌத்தர் பயிற்சியினின்றெடுத்து, 1979-இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபட்-ஜின் என்பார் இதனை நோயாளர்க்குரிய பாடமாக அமைத்தார். மேற்கூறிய வினா ஒன்றன்று. பல வினாக்களின் தொகுதியென்பது இரண்டு ஆய்வுகளை ஒப்பு நோக்கின் விளங்கும்.

2018-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வில் 616 மாணவர் இரு கூறாகப் பகுக்கப்பட்டனர். எட்டு வாரப் பாடம் பெற்ற கூற்றினர் தேர்வுக் காலத்தே துயர் குறைந்தமை கூறினர். 2022-இல் வெளிவந்த பிரித்தானியப் பள்ளி ஆய்விலோ, 84 பள்ளிகளில் 8,000-க்கு மேற்பட்ட சிறுவரிடை, அப்பயிற்சி வழக்கமான பாடத்தினும் மேம்பட்டதாகக் காணப்படவில்லை.

இவை தம்முள் முரணுமோ எனின், முரணா. முன்னையோர் தாமே விரும்பி வந்த பல்கலைக்கழக மாணவர். பின்னையோர் வகுப்போடு பயிற்சி பெற்ற இளஞ்சிறார். அவருட் பலர் வீட்டிற் பயின்றிலர். முன்னையதில் அளக்கப்பட்டது மனத்துயர். பின்னையதில் உளச்சோர்வுறும் நிலையும் நடத்தையும் நலமுமாம். பயில்வாரும் பொருளும் வேறாகவே விடையும் வேறாயிற்று.

இனி, எதிர்மறை முகத்தானும் ஆராய்தல் வேண்டும். கேம்பிரிட்ஜில் பாடம் பெறாதார்க்கு வழக்கமான உதவியே கிடைத்தது; பெற்றார்க்கோ அதனோடு ஆசிரியர் கவனமும் உடன்பயில்வார் கூட்டமும் கிடைத்தன. ஆகலின் துயர் தணிந்தது மனவிழிப்பானோ கூட்டத்தானோ என்பது அவ்வொப்பீட்டாற் பிரித்தறியப்படாது.

அன்றியும், மாணவர் தம் நிலையைத் தாமே வினாத்தாளிற் குறித்தனர். இன்ப துன்பங்களை உயிர் தானே நுகர்ந்தறிதலைத் தன்வேதனைக் காட்சியென்று சிவஞான சித்தியார் அளவையியல் வகுக்கும். அக்காட்சி மாணவர்க்குரியது, ஆராய்வார்க்கு அஃது அவர் சொல்லாகவே வந்தெய்தும். பயிற்சி பெற்றமையைத் தாம் அறிந்தவர் சொல் அவ்வறிவாற் சாய்தலும் கூடும். அதுபற்றி அதனைத் தள்ளுதல் தகாது. துயரை அறிதற்குத் துயருற்றார் சொல்லிற் சிறந்த வாயில் அரிது. அதனை எத்துணை நம்பலாமென்பதை வினாவிலேயே வரையறுத்தலே முறை.

எனவே வினா இங்ஙனம் அமைதல் வேண்டும்: "தாமே விரும்பி வந்த பல்கலைக்கழக மாணவர்க்கு, எட்டு வார மனவிழிப்புப் பாடம், அத்துணைக் காலமே நிகழும் பிறிதொரு குழுப்பாடத்தினும் மிகுதியாகத் தேர்வுக்கால மனத்துயரைத் தணிக்குமோ? ஓராண்டு கழிந்த பின்னும் அப்பயன் நிற்குமோ?"

இவ்வாறு சுருக்கின் விடையும் சிறிதாகுமன்றோ எனின், ஆகும். எனினும் அது நிலைபெறும். பரந்த வினாவிற்குக் கிடைத்த விடையை நம்பிப் பள்ளிதோறும் பயிற்சியைப் புகுத்துவாரும், அதனையே காட்டிப் பயன்பெறுவார்க்கும் மறுப்பாரும் ஒருங்கே பிழைபடுவர். அப்பிழையின் பயனை நுகர்பவர் ஆராய்ச்சியாளரல்லர், மாணவரே என்க.