வூஸ்டர் நீலம்

செல்சிப் பீங்கானின் பால்வெண்மைக்கு உருகுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பொம்மைகளில் செல்சியை விஞ்ச ஆளில்லை. கொதிநீர் பட்டால் விரிசல் விடுமோ என்று பயந்து பயந்து ஊற்றவேண்டிய கெண்டியைத்தான் என்னால் கெண்டியாக மதிக்க முடியவில்லை. டாக்டர் ஜான் வாலும் கூட்டாளிகளும் 1751-இல் வூஸ்டரில் பீங்கான் பட்டறை தொடங்கி, மறு ஆண்டே பிரிஸ்டல் பட்டறையைச் சேர்த்துக்கொண்டார்கள். அதோடு கைக்கு வந்தது கார்ன்வால் மாக்கல் கலக்கும் பக்குவம். நம் கல்சட்டி தாங்கும் சூட்டை அந்தப் பீங்கானும் தாங்கியது.

என் மனம் கிடப்பது 'பீரங்கிக் குண்டு' ஓவியத்தில். தீவு, மரம், நீர், கரையோரம் உருண்டை உருண்டையாகச் சில வட்டங்கள். சீனத்தைப் பார்த்து எழுதியதுதான், ஆனால் எழுதிய கைக்குச் சீனா தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் சுகம். ஒரு கெண்டியில் வட்டங்கள் நெருக்கியடிக்கும், இன்னொன்றில் விலகி நிற்கும். தூரிகை கோபால்ட்டை மீண்டும் தொட்டெடுத்த இடத்தில் நீலம் திடீரென்று கருக்கும். மெருகுக்கு அடியில் எழுதியதை அழித்துத் திருத்த வழியில்லை. தடுமாற்றமும் அப்படியே வெந்து நிற்கிறது.

ராபர்ட் ஹான்காக்கின் செப்புத்தகட்டு அச்சை மெச்சும் நண்பர்கள் கோடுகளின் துல்லியத்தைக் காட்டுவார்கள். பிரஷ்ய மன்னர் படம் போட்ட 1757-ஆம் ஆண்டுக் குவளைகளுக்கு நானும் தலைவணங்குகிறேன். நீலத்தில் மட்டும் அச்சு வேண்டாம். பூவும் வேலியுமாக ஒரே படம் கெண்டி கெண்டியாக வந்தபின் பார்க்க என்ன இருக்கிறது? 'வில்லோ' அச்சுப் படம் பற்றிப் பேச்சே எடுக்கவேண்டாம்.

அளவும் முக்கியம். 1784-இல் பிரிட்டனில் தேயிலை வரி 119 சதவீதத்திலிருந்து 12.5-க்கு இறங்கியது, கெண்டிகளும் வயிறு பெருத்தன. அதற்கு முந்தைய, உள்ளங்கையில் உட்காரும் உருண்டைக் கெண்டிக்குத்தான் 'பீரங்கிக் குண்டு' பொருந்துகிறது. வளைவோடு சேர்ந்து தீவும் திரும்ப, மறுகரை கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

இப்போது படத்தைப் பார்த்தே ஏலம் கேட்கிறார்கள். விளக்கொளியில் பிடித்தால் வூஸ்டர் பச்சை காட்டும், காஃப்லிப் பட்டறைப் பீங்கான் செம்மஞ்சள் காட்டும், அதைக்கூடப் பார்ப்பதில்லை. உடைந்த மூக்கை ஒட்டி, வண்ணம் தெளித்து, 'குறையற்றது' என்று விற்கிறார்கள். நுனியில் சில்லுப் போன கெண்டியைச் சில்லோடேயே கொடுங்கள், எடுத்துக்கொள்கிறேன். தேநீர் ஒழுங்காக விழுந்தால் போதும்.