திரையில் தெரியும் பிள்ளை: காணொலிச் சந்திப்பின் நிறையும் குறையும்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகள் பலருக்கு அப்பா வீடோ அம்மா வீடோ எட்டாத இடமாகிவிட்டது. பல ஊர்களில் குடும்ப நல நீதிமன்ற வளாகமே பெற்றவரும் பிள்ளையும் சந்திக்கும் இடம். வளாகம் மூடியதும் சந்திப்பும் நின்றது. அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தது காணொலிச் சந்திப்பு.

இதன் நன்மையை மறுக்க முடியாது. இந்தியாவில் முதல் கொரோனா தொற்று உறுதியாவதற்குப் பத்து நாள் முன்பே, 2020 ஜனவரி 20 அன்று, யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் தேவையை உணர்ந்து பேசியது. பிள்ளை யாரிடம் இல்லையோ அவர் நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமாவது அதனுடன் பேச வழி வேண்டும் என்றது. வெளிநாட்டில் வேலை செய்யும் தந்தைக்கும் வேறு மாநிலத்தில் வாழும் தாய்க்கும் இது பெரும் ஆறுதல். அடித்துத் துன்புறுத்திய கணவனை நேரில் காண அஞ்சும் பெண்ணுக்குப் பாதுகாப்பும்கூட.

குறைகள் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அப்பா என்பது தூக்கிக்கொள்ளும் கை; கைப்பேசியில் தெரியும் முகத்தோடு அது எவ்வளவு நேரம் உட்காரும்? சற்று வளர்ந்த பிள்ளையோ, பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார் என்று அறிந்தே பேசும். "தூங்குகிறான்", "நெட் இல்லை" என்ற ஒரு சொல்லில் சந்திப்பைத் தட்டிக்கழிக்கலாம். அதை மெய்ப்பிக்கச் சாட்சி கிடையாது. வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியும் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விட்டால் பேச்சுக்கே இடமில்லை.

காணொலி வழியே நடக்கும் நீதிமன்ற விசாரணையிலும் இதே சிக்கல்தான். கணவன் மனைவியில் ஒருவர் கேட்டாலே மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்கிறது 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம். திரைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது நீதிபதிக்குத் தெரியாது. திருமண வழக்குகளில் காணொலிக்கு 2017-இல் சாந்தினி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு கடிவாளம் இட்டதற்கு இத்தகைய அந்தரங்கமும் ஒரு காரணம். தொற்று வந்ததும் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஊரடங்கிலும் இரு வீடுகளுக்கிடையே போய்வரலாம் என்று 2020 மார்ச் 24-லேயே அங்கு வழிகாட்டுதல் வந்தது. போக இயலாதபோதுதான் காணொலி. நம் ஊரடங்கு விதிகளில் அப்படியொரு விலக்கு இல்லை. ஏப்ரல் இறுதியில் உச்ச நீதிமன்றம் மின்னணுத் தொடர்பைப் பரிந்துரைத்தபோதும், ஏற்பாட்டை முதலில் பெற்றோரே பேசி முடிவு செய்யட்டும் என்றது. பேசி முடிக்க முடிந்தவர்கள் ஏன் நீதிமன்றம் வரப்போகிறார்கள்?

ஆகவே காணொலி நேரடிச் சந்திப்புக்குத் துணையாக இருக்கட்டும். அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது. நெருக்கடியில் என்ன மாற்று, இழந்த நாள்களை எப்போது ஈடுசெய்வது என்பதை ஒவ்வொரு சந்திப்பு ஆணையிலும் நீதிமன்றங்கள் முன்கூட்டியே எழுத வேண்டும். இன்னொரு ஊரடங்கு வருமானால், பிள்ளை இரு வீடுகளுக்கும் போய்வரும் உரிமையை அரசு முதல் நாள் ஆணையிலேயே சேர்க்க வேண்டும்.