கலோ எண்ணெயின் கணக்கு

தாவரச் சாற்றில் தொடங்கும் எதற்கும் இன்று ‘பசுமை வேதியியல்’ முத்திரை எளிதில் கிடைத்துவிடுகிறது. யாங்கோன் ரங்கூனாக இருந்த காலத்தில் பர்மாக் காடுகளிலிருந்து கிளம்பிய ஒரு மருந்து, அந்த முத்திரையை உரசிப் பார்க்க நல்ல உரைகல். பர்மியர் ‘கலோ’ என்றும் மருந்துச் சந்தை ‘சால்முக்ரா’ என்றும் அழைத்த மரத்தின் விதை எண்ணெய் அது, தொழுநோய்க்குக் கொடுக்கப்பட்டது. சித்த வைத்தியர்களின் நீரடிமுத்து அதே பேரினத்து மரம்.

1854இல் வங்காளத்தில் பணியாற்றிய ஃபிரெடெரிக் மௌவாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை மேலை மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தினார். குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் தோலடியில் கட்டிக்கொள்ளும். 1915-16இல் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற 23 வயது வேதியியலாளர் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டர்களாக மாற்றினார். உடல் அவற்றை ஏற்றுக்கொண்டது. அனஸ்டாஸ், வார்னர் என்ற வேதியியலாளர்கள் பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளை 1998இல்தான் வகுத்தார்கள். வளரும் மூலப்பொருள், எளிய வினை என்று அவற்றில் சிலவற்றுக்கு இது முன்கூட்டியே பொருந்துகிறது. பால் 1916 கடைசி நாளில் இறந்தார். முறைக்குப் பெயர் வாங்கிக்கொண்டவர் கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன்.

சிக்கல் விதையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வேறொரு மரமே இதன் மூலம் என்று தாவரவியலாளர்கள் நம்பினார்கள். அதன் எண்ணெயில் அந்த அமிலங்களே இல்லை. உண்மையான மரத்தைத் தேடி 1920-21இல் தாவரவியலாளர் ஜோசப் ராக், அமெரிக்க வேளாண் துறைக்காக, சிந்த்வின் ஆற்றின் மேற்பகுதிக் காடுவரை போக வேண்டியிருந்தது. இன்று இலைச்சாற்றில் வெள்ளி நுண்துகள் செய்வோரையும் இதே தொல்லை விடுவதில்லை: மண்ணும் பருவமும் மாறினால் சாறும் மாறும். வெள்ளியோ அப்போதும் சுரங்கத்திலிருந்துதான் வரும்!

அதைவிடப் பெரிய ஓட்டை, சான்றில். தொழுநோய் தானாகவே தணிந்து, பிறகு சீறும் இயல்புடையது. ஒப்பீட்டுக் குழு வைத்து எண்ணெயின் பலனை யாரும் உறுதியாக நிறுவவில்லை. குணமானதாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

1908இல் ஜெர்மனியில் தயாராகி, பின்னர் தொழுநோய் மருந்தான டாப்சோனுக்கு எந்த மரமும் தேவைப்படவில்லை. 1940களில் செங்கல்பட்டில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்; பின்னர் அது மலிவான மாத்திரையாயிற்று. கிருமி அதற்கும் பழகிக்கொள்ளவே, 1980களில் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துகளுக்கு மாறியது. மூலப்பொருள் காட்டிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று மட்டும் பார்த்தால் டாப்சோன் தோற்கும். ஒரு நோயாளி குணமாக எவ்வளவு விதை, எத்தனை ஊசி, எத்தனை ஆண்டு என்று பார்த்தால், தோற்பது கலோ எண்ணெய்தான்.