பாதியில் நின்ற விளக்கம்

பேயா, விஞ்ஞானமா? சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இந்தக் கேள்வியை எழுப்பி, அதையே நம் கையில் கொடுத்துவிட்டு முடிகிறது. அந்தத் திறந்த முடிவுதான் நாவலின் அழகு என்பார்கள் ரசிகர்கள். எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். குமுதத்தில் தொடராக வந்த கதை இது. லீனா என்ற பெண்ணின் சொத்து விவகாரமாகப் போகும், சுஜாதாவின் வழக்கமான துப்பறியும் வக்கீல்களான கணேஷும் வசந்தும் திகிலுக்குள் இழுக்கப்படும் வேகம் இன்றும் குறையவில்லை. வசந்தின் குறும்புப் பேச்சுக்கு நடுவே சட்டென்று முதுகு சில்லிடுகிறது. அந்த லாகவம் தமிழில் அபூர்வம்.

சறுக்கல் ஹாலோகிராமில் நேர்கிறது. இருட்டில் தோன்றும் உருவத்துக்கு நாவல் முன்வைக்கும் அறிவியல் காரணம் அது. ஹாலோகிராம் என்பது லேசர் ஒளியைக் கொண்டு ஒரு தகட்டில் பதியும் முப்பரிமாணப் படம். பதியும்போது இம்மி அதிர்ந்தாலும் கெட்டுவிடும். பார்ப்பவரின் பார்வைக்கோடு தகட்டின் மேல் விழுந்தால்தான் உருவம் தெரியும், விலகினால் மறைந்துவிடும். இந்தக் கட்டுப்பாடுகளோடு மல்லுக்கட்டியிருந்தால் துப்பறிதல் எவ்வளவு சூடுபிடித்திருக்கும்! நாவலோ அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல், ஹாலோகிராமைக் கிட்டத்தட்ட ஒரு மந்திரமாகவே கையாள்கிறது.

சுஜாதாவுக்கு இது தெரியாததல்ல. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றியவர். ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று வாசகர்களின் அறிவியல் சந்தேகங்களைத் தீர்த்தவர். அவரிடம் கூடுதலாக எதிர்பார்ப்பது நியாயம்தான்.

எல்லாவற்றுக்கும் விடை சொல்ல வேண்டுமா? தேவையில்லை. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1973இல் வெளியிட்ட ‘ராமாவுடன் சந்திப்பு’ நாவலில், 50 கிலோமீட்டர் நீள விண்கலம் ஒன்று சூரியனை நெருங்கி வந்து, போய்விடுகிறது. அனுப்பியவர் யார் என்பது கடைசிவரை தெரியாது. ஆனால் கலம் சுழல்வதால் உள்ளே எடை உண்டாவது முதல் உறைந்த கடல் உருகுவதுவரை ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. மனிதர்கள் தம்மால் முடிந்த அளவுக்குத் தேடிவிட்டார்கள். அதனால் அந்த மௌனம் உறுத்துவதில்லை.

‘கொலையுதிர் கால’த்தில் பேயும் விஞ்ஞானமும் சம பலத்தோடு மோதியிருந்தால் திறந்த முடிவு பொருந்தியிருக்கும். இங்கே விஞ்ஞானம் ஆயுதமில்லாமல் களத்தில் இறக்கப்படுகிறது. போதாததற்கு, இது கணேஷ்-வசந்த் கதை. துப்புத் துலங்கும் என்று நம்பியே வாசகர் கடைசிப் பக்கம்வரை வருகிறார்.

திகில் கதையாக இது முதல் வரிசையில் நிற்கும். அறிவியல் புனைகதையாகத் தேறவில்லை.