இரக்கமும் பிணையும்: கல்முனைக் கரையோரத்தின் உயிரிழப்புகளும் எழுத்தும் பற்றி ஒரு நோக்கு

1

இறந்த விலங்கைக் கண்டு இரங்குதல் தமிழ் எழுத்துக்குப் புதியதன்று. ஆயின், வழியிலே கண்ட ஒரு விலங்கின் சடலத்தை மையமாகக் கொண்டு எழுதப்படும் செய்திக்குறிப்பு, ஒளிப்பட விளக்கம், நடைச்சித்திரம், சிறு கவிதை ஆகியன அண்மைக் காலத்தில் ஏறத்தாழ ஒரு தனி எழுத்து வகையாகவே உருப்பெற்றுள்ளன. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான அம்பாறைக் கரையோரத்தைப் பொறுத்தவரை, இவ்வகை எழுத்துக்கு இரண்டு நிகழ்வுகள் பெருமளவு பொருள் தந்துள்ளன. ஒன்று, 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இறந்து கரையொதுங்கிய கடலாமைகள். மற்றது, பள்ளக்காட்டுக் குப்பை மேட்டிலே பொலித்தீன் தின்று மடிந்த யானைகள். இவ்விரண்டும் எழுதப்படும் முறையை ஒப்புநோக்கி, நமது இரக்கம் எதனைக் காண்கிறது, எதனைக் காணாது விடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வெழுத்து வகைக்கு நன்கு நிலைபெற்ற ஓர் அமைப்பு உண்டு. எழுதுபவர் காலைப்பொழுதில் கடற்கரையிலோ வயல்வீதியிலோ செல்கிறார். உயிரற்ற உடலொன்றைக் காண்கிறார். அதன் விழிகளை வருணிக்கிறார். மனிதனின் கொடுமையை நொந்துகொள்கிறார். பின்னர் வீடு திரும்புகிறார். செய்தி எழுத்திலே இது மேலும் சுருங்கி, ‘பரிதாபமாக உயிரிழந்தது’ என்னும் தொடரோடு நின்றுவிடுகிறது. அத்தொடரின் இலக்கணத்தை நோக்குதல் வேண்டும். உயிரிழத்தல் என்னும் வினைக்கு எழுவாய் விலங்கே. கொன்றது எது, கொன்றவர் யார் என்னும் வினாக்களுக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை. கவிதையிலோ ‘மனிதன்’ என்னும் எழுவாய் கிடைக்கிறது. ஆயின் அம்மனிதனுக்கு ஊருமில்லை, வர்க்கமுமில்லை, தொழிலுமில்லை. எல்லோரையும் குற்றவாளியாக்கும் எழுத்து எவரையும் குற்றவாளியாக்குவதில்லை. தனி எழுத்தாளர் எவரையும் குறைகாண்பது எமது எண்ணமன்று. நாமும் இவ்வாறே எழுதியவர்கள்தாம்.

2

ஆமைகளின் சாவு எழுதப்பட்ட முறை இதற்கு ஓரளவு விலக்காகும். 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நின்ற எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்களைச் சுமந்திருந்த அக்கப்பலில் நைத்திரிக் அமிலமும் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுணிகளும் இருந்தன. ஜூன் மாதத்தில் அது மூழ்கியது. அதனைத் தொடர்ந்த வாரங்களில் மேற்குக் கரையில் மட்டுமன்றிக் கிழக்குக் கரையிலும் இறந்த ஆமைகள் ஒதுங்கின. கிழக்கிலே ஒதுங்கிய ஒவ்வோர் ஆமைக்கும் அக்கப்பலே காரணம் என ஆராயாது கூறுவது விஞ்ஞான முறைமைக்கு ஒவ்வாது. எனினும், நாடளாவிய அழிவு நீதிமன்றத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. 2025 ஜூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு 417 ஆமைகளும் 48 டொல்பின்களும் 8 திமிங்கிலங்களும் மடிந்தமையைக் குறிப்பிட்டு, 100 கோடி அமெரிக்க டொலரை இழப்பீடாகச் செலுத்துமாறு பணித்தது.

இங்கு இரக்கம் எளிதிலே அரசியற் பிரக்ஞையாக மாறியது. கொன்றது யார் என்னும் வினாவுக்கு விடை தொலைவில் இருந்தமையே இதற்குக் காரணம் எனலாம். பன்னாட்டுக் கப்பற் கம்பெனியின் இலாப வேட்கை, துறைமுகங்களின் பொறுப்பின்மை, வறிய நாட்டின் கடலைக் குப்பைத் தொட்டியாகக் கொள்ளும் உலக வணிகம் ஆகியவற்றை நமது எழுத்து தயங்காது சுட்டியது. ஆமையும் மீனவரும் ஒரே அநீதிக்கு இலக்கானோராக ஒருங்கே நின்றனர். அது சரியான நோக்கே. ஆயின் அந்நோக்கு நமக்கு வசதியானதாகவும் இருந்தது என்பதை மறத்தலாகாது.

3

பள்ளக்காட்டுக்கு வரும்போது இவ்வசதி இல்லாமற் போகிறது. ஒலுவில், அட்டாளைச்சேனைப் பகுதிக்கு உள்நாட்டுப் பக்கமாக, காட்டை அண்டி அமைந்தது இக்குப்பை மேடு. சம்மாந்துறை, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு ஆகிய ஊர்களின் கழிவு அங்கே கொட்டப்படுவதாக 2020இல் வெளியான செய்திகள் குறிப்பிட்டன. அவ்வாண்டில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் அங்கு எடுத்த படங்கள் உலகெங்கும் பரவின. குப்பையிடையே நின்று உணவு தேடும் யானைக் கூட்டத்தை அவற்றிலே கண்டோம். 2022 ஜனவரியில் மேலும் இரண்டு யானைகள் இறந்தபோது, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அவ்விடத்தில் மடிந்துள்ளன எனச் செய்தி வெளியாயிற்று. உடற்கூற்றுப் பரிசோதனையில் அவற்றின் வயிற்றிற் கண்டவை பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் சமிபாடடையாத பிற பொருள்களுமே.

படத்தைப் பார்த்து நாம் கண்ணீர் விட்டோம். ஆனால் படத்திலே காணப்படும் பையை எவரும் வாசிக்கவில்லை. அது கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிய பை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் புரியாணி கட்டிய தாள். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் துணி வாங்கிய சொப்பிங் பை. உணவின் மணமும் உப்பும் அதிலே ஒட்டியிருந்தமையாலேயே யானை அதனை விழுங்கிற்று. ஆமையின் சாவிலே பாதிக்கப்பட்டோராக நின்ற நாம், யானையின் சாவிலே பங்காளிகளாக நிற்கிறோம். நமது எழுத்து முதலாவதில் உரத்துப் பேசி, இரண்டாவதில் ‘ஐயோ’ என்பதோடு அமைவது தற்செயலன்று.

இனி, பையை மட்டும் வாசித்து நின்றுவிடுதலும் தவறாகும். அவ்வாறு நிற்போர் ‘முஸ்லிம் ஊர்களின் குப்பை யானைகளைக் கொல்கிறது’ என்னும் இனவாத முடிவுக்கு வழிவிடுகின்றனர். மேலே தரப்பட்ட ஊர்ப்பட்டியலிலே காரைதீவும் ஆலையடிவேம்பும் தமிழூர்கள் என்பதை அம்முடிவு மறைக்கிறது. அதனினும் முக்கியமானது நிலப்பிரச்சினை. கிழக்கே கடலும் மேற்கே வயல்வட்டைகளும் நெருக்க, சாய்ந்தமருது, கல்முனைக்குடி போன்ற ஊர்களில் மக்கள் வீட்டோடு வீடு ஒட்டி வாழ்கின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதிய சுனாமி இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பலிகொண்டது அம்பாறை மாவட்டத்திலேயே. சில பேர்ச் நிலத்திலே குடும்பம் நடத்துவோர் குப்பையைப் புதைப்பதற்கும் இடமற்றவர்கள். யானையின் நிலமும் இவ்வாறே சுருங்கிற்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் காட்டைக் குடியேற்றமாகவும் கரும்புத் தோட்டமாகவும் நெல்வயலாகவும் மாற்றியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. ஆக, இடம் இழந்த இரு கூட்டங்கள் சந்திக்கும் எல்லையே பள்ளக்காடு.

அவ்வெல்லையில் நிகழ்ந்தவற்றுக்கு ஆண்டுகள் உண்டு. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அக்கழிவுத் தளம் அமைக்கப்பட்டது. கொட்டப்பட்ட கழிவு மீள்சுழற்சி செய்யப்படவில்லை. 2014இல் தளத்தைச் சுற்றியிருந்த மின்வேலியை மின்னல் தாக்கியது. அது திருத்தப்படாது விடப்பட்டது. 2017இல், வனவிலங்குப் பிரதேசங்களை அண்டிய கழிவுத் தளங்களைச் சீர்செய்வதாக அரசு அறிவித்தது. 2022இல் யானைகள் தொடர்ந்தும் இறந்தன. திருத்தப்படாத ஒரு வேலியும் நிறைவேறாத ஓர் அறிவித்தலும் யானையின் வயிற்றுப் பொலித்தீனைப் போலவே இச்சாவின் காரணிகளாகும். அவை படத்தில் விழுவதில்லை. அவற்றைக் காட்டுவது எழுத்தின் கடமையாகும்.

4

இரக்கத்தின் இக்குறைபாடு நமது இலக்கிய மரபிலும் வேர்கொண்டதாகும். குளிரால் நடுங்கியதாகக் கருதி மயிலுக்குப் போர்வை அளித்த பேகனைச் சான்றோர் பாடினர். அங்கே மயில் உண்மையில் நடுங்கிற்றா என்பது வினாவன்று. பாடப்பட்டது கொடுத்தவனின் பெருமையே. விலங்கின் துயர் இரங்குபவனை உயர்த்திக் காட்டும் கருவியாயிற்று. இன்று சடலத்தருகே நின்று எழுதுபவர் தமது நுண்ணுணர்வையே முதன்மைப்படுத்துமிடத்து, அவர் அறியாமலே அம்மரபைத் தொடர்கிறார்.

மனுநீதிச் சோழன் கதை இதனின்றும் வேறானது. வீதியிலே தேர்க்காலில் ஒரு கன்று மடிகிறது. இன்று வாகனங்களில் அடிபட்டு மடியும் விலங்குகளைப் பற்றி எழுதுவோருக்கு அதுவே முன்னோடி எனலாம். அங்கே பசு அழுவதோடு அமையாது, ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. கொன்றவன் பெயர் தெரிகிறது. அவன் அரசகுமாரன் என்பதும் தடையாகவில்லை. எனினும் பெரியபுராணத்தில் இறைவன் தோன்றி, கன்றும் மைந்தனும் உயிர்பெற்றெழ, கதை மன்னனின் புகழாகவே முடிகிறது. மன்னனின்றி நீதியில்லை என்பது நிலவுடைமைச் சமுதாயத்தின் தீர்வு. அது நமக்குப் போதாது.

கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு யானையோடு இலக்கியத்துக்கு அப்பாற்பட்ட ஓர் உறவும் இருந்தது. தோற்கயிற்றால் யானையைப் பிடிக்கும் பணிக்கர்கள் இப்பிராந்தியத்தின் முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்தனர். எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தமது நூலில் அவர்களின் திறனை விதந்துரைத்துள்ளார். அவ்வுறவைக் கருணையானது எனப் புனைந்துரைத்தல் பொருந்தாது. அது பிடித்தலும் விற்றலுமான உறவு. ஆயினும் அவர்கள் யானையின் வழியையும் நீரையும் பருவத்தையும் அறிந்திருந்தனர். இன்றைய நமது உறவு நாம் அறியாமலே நிகழ்வது. நாம் வீசும் பை யானையிடம் செல்கிறது. நாமோ யானையைப் படத்திலே பார்க்கிறோம்.

5

இவ்விடத்தில், நமது ஊர்களின் வீடுகளிற் பலகாலம் ஓதப்பட்டு வந்த ஒரு நூலை நினைவுகூர்தல் தகும். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலம் என ஒரு பகுதியுண்டு. வேடன் வலையிற் பட்ட மான், தன் கன்றுக்குப் பாலூட்டி மீள விடை வேண்டுகிறது. வேடன் நம்ப மறுக்கிறான். நபிகள் நாயகம் அம்மானுக்குத் தாமே பிணையாகிறார். மான் கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். இப்படலம் வழமையாகக் கருணைக்கு எடுத்துக்காட்டாகவே போதிக்கப்படுகிறது. எமது கருத்தில் அது கருணையினும் கூடிய ஒன்றைக் கூறுகிறது. இரங்குபவர் இழப்பதற்கு ஏதுமில்லை. பிணைநிற்பவரோ, மான் மீளாவிடின் அதன் கடனைத் தாமே இறுக்கவேண்டியவர். இரக்கம் ஓர் உணர்வு. பிணை ஓர் ஒப்பந்தம்.

நாம் வேண்டிநிற்கும் எழுத்து இப்பிணையை ஏற்கும் எழுத்தாகும். அது சடலத்தை வருணிப்பதோடு நில்லாது, அது எங்கே, எந்த ஆண்டில், எவ்வாறு இறந்தது என்று கூறும். வேலி பழுதான நாளையும் அது திருத்தப்படாத காலத்தையும் எழுதும். கரையோர உள்ளூராட்சி மன்றங்களின் கழிவகற்றலை, நிலப்பங்கீட்டை, பொலித்தீன் உற்பத்தியாளரின் இலாபத்தை ஒரே தொடரில் வைத்து நோக்கும். காட்டோரத்து விவசாயியை வில்லனாக்காது, யானையால் உயிரிழக்கும் அவனது குடும்பத்தையும் அதே பக்கத்தில் எழுதும். ஏனெனில் இந்நாட்டில் அண்மைய ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான யானைகளோடு ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலிலே மடிகின்றனர்.

முற்போக்கு விமர்சனம் நெடுங்காலமாக இயற்கையை மனித உழைப்பின் களமாக மட்டுமே கண்டது. இயற்கை பற்றிப் பேசுவோரைத் தப்பியோடுவோர் எனவும் சில வேளைகளில் ஒதுக்கியது. அக்கணிப்பு மறுபரிசீலனைக்குரியது. பள்ளக்காட்டு யானையின் வயிற்றைத் திறந்தபோது அங்கு கிடந்தவை நமது சந்தையும் நமது சமையலறையும் நமது பிரதேச சபையுமே. சமுதாயத்தை ஆராய விழைவோர்க்கு இதனினும் தெளிவான பனுவல் வேறில்லை. அதனை வாசிக்காது அழுதுவிட்டுப் போவது யானைக்கும் பயனற்றது, நமக்கும் பயனற்றது.