வரிசையில் நின்ற கதைகளும் பற்றுக் கொப்பியும்

2022ஆம் ஆண்டுக்குப் பிறகு நம்மவர்கள் எழுதிய சிறுகதைகளைச் சேர்த்து வைத்து வாசிப்பவருக்கு ஒரு விடயம் உடனே கண்ணில் படும். பெரும்பாலானவற்றில் ஒரு வரிசை இருக்கிறது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பால்மா வரிசை. வரிசையில் ஒரு முதியவர் மயங்கி விழுகிறார். அல்லது சிங்களச் சகோதரர் ஒருவர் தம் இடத்தை நம் தாயொருத்திக்கு விட்டுக்கொடுக்கிறார். கதை முடிகிறது. இவற்றில் சில நல்ல கதைகள்தாம். காலிமுகத்திடலில் அந்த ஏப்ரல் மாதம் எல்லா இனத்தவரும் கூடியிருந்து நோன்பு திறந்ததைக் கண்ட நமக்கு, திகனையின் புகையும் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட நாட்களும் மறந்துவிடாத நமக்கு, அப்படி எழுதத் தோன்றியது இயல்பு. அதைக் குறை சொல்வதற்கில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கியூ.ஆர். அட்டை வந்து வரிசை கலைந்ததும் கதைகளும் கலைந்து போயின. 2023 மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ முந்நூறு கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன்னரே தொடங்கி அதன் பின்னரும் நீண்ட அந்த நெருக்குதலின் காலம் நம் எழுத்தில் ஏறக்குறைய இல்லை. பொருள் கிடைக்காதது கதையானது. பொருள் கடையில் இருந்தும் வாங்க முடியாதது கதையாகவில்லை. முன்னது தெருவில் நடந்தது. பின்னது அடுப்படிக்குள் நடந்தது. நம் எழுத்தாளர்கள் தெருவிலேயே நின்றுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கலஹாவை எடுத்துக்கொள்வோம். பேராதனையிலிருந்து ஏறி வரும் பாதை, ஒரு பஸார், சுற்றிலும் தேயிலை. கொஞ்சம் அப்பால் தெல்தோட்டை, அதற்கும் மேலே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர. பஸாரில் நம்மவர் கடைகள், மேலே லயங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பற்றுக் கொப்பி. சம்பளம் வரும்வரை மாவும் அரிசியும் சீனியும் அந்தக் கொப்பியில்தான் போகும். இலங்கையின் கடன் நெருக்கடியைப் பற்றிக் கொழும்பில் பேசுகிறவர்கள் பிணைமுறிகளைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே கடன் என்றால் அந்தக் கொப்பி.

சில கணக்குகளைச் சொல்லியாக வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாகப் போனது. மாதம் 30 அலகு மின்சாரம் எரித்த வீட்டின் பட்டியல் அதற்கு முன்னர் 105 ரூபா. 2023 பெப்ரவரித் திருத்தத்தின் பின், அலகுக்கு 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவுமாக, அதே வீட்டுக்கு 1300 ரூபா. அன்று தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபா. ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் ஒரு குமிழ் விளக்கின் கடன் தீராது. அந்த ஜூலையில் கட்டணத்தைக் குறைத்தார்கள். ஆனால் அந்த ஐந்து மாதங்களில் வீடுகளில் என்னென்ன அணைக்கப்பட்டன என்று எழுதியவர் யார்? பெறுமதி சேர் வரி 8 வீதத்திலிருந்து 12, பின் 15, 2024 ஜனவரியில் 18. நாட்டின் நாலில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே போய்விட்டார் என்று உலக வங்கியே கணக்கிட்டது.

இதற்கு அரசியலில் யாரோ விலை கொடுத்தாக வேண்டும் என்பது இந்த நாட்டின் பழைய வழக்கம். 1953 ஜூலையில் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. பலர் சுடப்பட்டு மாண்டனர். அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். அதே டட்லி, நாணய நிதியத்திடம் கடன் பெற்ற தமது பிந்திய ஆட்சியில், 1966 இறுதியில் இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கினார். 1970 தேர்தலில் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டு வருவதாகச் சொன்னவர்களிடம் தோற்றார். சந்திரனிலிருந்து அரிசி வரவில்லை என்பதை எழுபதுகளின் நடுப்பகுதியில் பட்டினி கிடந்த லயங்கள் அறியும்.

ஜயவர்தன மட்டும் பாடம் படித்தவர். 1977க்குப் பின் கூப்பனை ஒழித்து முத்திரையாக்கிய அதே ஆட்சி, 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுமார் 40,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. 1982இல் பொதுத் தேர்தலையே சர்வஜன வாக்கெடுப்பால் ஒத்தி வைத்தது. அந்தப் பாராளுமன்றத்தின் காலத்தில்தான் 1983 வந்தது. அதற்குரிய காரணங்கள் வேறு பலவும் உண்டு. எல்லாவற்றையும் அரிசிக் கொத்துக்குள் அடைக்க நான் வரவில்லை. ஆயினும் வாக்குப் பெட்டியை மூடி வைத்தால் அந்தக் கணக்கு வேறு பெட்டியில் ஏறும் என்பது தெரிகிறது. 2023இலும் அதே வேலை நடந்தது. மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரியில் பணமில்லை என்றார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே மாதம். இடையில் 2024 செப்டெம்பரில், நாட்டை மீட்டவர் என்று சொல்லிக்கொண்டு வந்த ரணில் விக்கிரமசிங்கவுக்குக் கிடைத்தது 17 வீதத்துக்குச் சற்றுக் கூடிய வாக்கு. நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. கண்டியின் 12 ஆசனங்களில் 9 அவர்களுக்கு.

இங்கேதான் இலக்கியத்தின் கேள்வி எழுகிறது. வரிசை இல்லாமற் செய்தவரை மக்கள் ஏன் தண்டித்தார்கள்? நன்றி கெட்ட ஜனங்கள் என்று ஒரு சாரார் எழுதினார்கள். புரட்சி என்று மறு சாரார். இரண்டும் பத்திரிகைத் தலைப்புகள். பெட்டிக்குள் அந்தத் தாளைப் போட்ட கை, அதற்கு முந்திய பதினெட்டு மாதம் எதை எண்ணிக்கொண்டிருந்தது என்பதைச் சிறுகதையால் மட்டுமே சொல்ல முடியும். வரிசையில் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். பட்டியல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே வந்தது. முதலாவது கூட்டத்தை உண்டாக்கியது, இரண்டாவது மௌனத்தை. அந்த மௌனம் எங்கள் எழுத்தில் பதிவாகவில்லை.

நாணய நிதியத்தைத் தொட்ட சில கதைகளும் உண்டு. அவற்றில் பாத்திரங்கள் பேசுவதில்லை, ஆசிரியத் தலையங்கம் பேசுகிறது. தேநீர்க் கடையில் இருக்கும் மீன் வியாபாரி ‘ஏகாதிபத்தியத்தின் நிபந்தனைகள்’ என்கிறார். ஒரு மீன் வியாபாரியும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதே நிபந்தனைகளைப் புதிய ஆட்சியும் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தபோது, இந்த வகை எழுத்தாளருக்கு வில்லன் காணாமற் போய்விட்டான், கதையும் நின்றுவிட்டது.

மறுபடி கொப்பிக்கு வருகிறேன். மலையகப் படைப்புகளில் பஸார்க் கடைக்காரன் பெரும்பாலும் அட்டையைப் போல உறிஞ்சுகிறவன். நம் கதைகளில் அவரே பொறுமைசாலியான முதலாளி, கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத ஹாஜியார். இரண்டும் அரை உண்மை என்பதை அந்தப் பாதையில் இரண்டு வருடம் நடந்த எவரும் சொல்வார். 2022இல் கண்டியின் மொத்த வியாபாரி கையில் காசில்லாமல் மூட்டை இறக்குவதை நிறுத்தினார். சில்லறைக் கடைக்காரரின் முதல் சுருங்கியது. கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது அவர் சிறுவயது முதல் பள்ளியில் கேட்டது. அவகாசம் கொடுத்தால் அடுத்த மூட்டை வராது. ஆகவே அவர் சிலருக்குக் கொடுத்தார், சிலருக்கு இல்லை என்றார். யாருக்குக் கொடுத்தார், யாருக்கு மறுத்தார்? தம் ஜமாஅத்துக்காரருக்கா, பதினைந்து வருடமாகச் சம்பளத்தன்று தவறாமல் வந்து அடைத்த லயத்துப் பெண்ணுக்கா? அரசும் இதைத்தான் செய்தது: யாருடைய கடனை நீட்டுவது, யாருடையதை வெட்டுவது என்று தீர்மானித்தது. கொழும்பில் அதற்குப் பெயர் மறுசீரமைப்பு. கலஹாவில் அதற்குப் பெயர் இல்லை. ஒரு நல்ல எழுத்தாளர் அந்தக் கடைக்குள் உட்கார்ந்தாலே போதும். நாட்டின் அரசியல் தானாக உள்ளே வந்து அரிசி கேட்கும்.

சங்கடம் புரிகிறது. அந்தக் கதையை நேர்மையாக எழுதினால் கடைக்காரர் நல்லவராக மட்டும் இருக்க முடியாது. நம்மைப் பற்றிய பொய்கள் பரப்பப்பட்ட காலத்தில், நம் வியாபாரிகளைப் பகிஷ்கரிக்கச் சொன்ன காலத்தில், நம்மவரின் குறையை நாமே எழுதுவதா என்ற தயக்கம் வந்தது. அந்தத் தயக்கத்துக்கு நான் மதிப்பளிக்கிறேன். ஆனால் அதற்குக் கொடுத்த விலை, நம் கதைகளில் முஸ்லிம் பாத்திரங்கள் எல்லோரும் நற்சாட்சிப் பத்திரம் வைத்திருப்பவர்களாக ஆகிவிட்டதுதான். தென்னிலங்கைக் கிராமத்து முஸ்லிம்களை எழுதிய திக்குவல்லைக் கமாலுக்கு இந்தக் கூச்சம் இருந்ததில்லை.

இன்னொரு விடயம். 2023 ஜூன் 29 ஹஜ்ஜுப் பெருநாள். மறுநாளை விசேட வங்கி விடுமுறையாக்கினார்கள். சனி, ஞாயிறு, பின் போயா. அந்த ஐந்து நாட்களுக்குள் பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நிறைவேற்றியது. வங்கிகள் பெருமளவு தப்பின, ஊழியர் சேமலாப நிதியம் குறைந்த வட்டியை ஏற்றுக்கொண்டது. முப்பது வருடம் கொழுந்து பறித்த பெண்ணின் சேமலாப நிதியும் அதற்குள்தான் இருக்கிறது. நாம் குர்பான் இறைச்சியைப் பங்கு வைத்துக்கொண்டிருந்த நாள் அது. பஸாரிலிருந்து லயத்துக்கும் சில பொதிகள் போயிருக்கும். அந்தப் பொதியையும் அந்தச் சேமலாபத்தையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய கதையை இன்னும் நான் வாசிக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளைக் கிழித்தது. இப்போது வரும் பிரதிகளில் வரிசைக்குப் பதிலாக மண்சரிவு இருக்கிறது. முதியவர் மறுபடியும் விழுகிறார், சிங்களச் சகோதரர் மறுபடியும் கை கொடுக்கிறார். மண் அள்ளி முடிந்த பிறகு அந்தக் குடும்பம் எந்தக் கடையில், எந்தக் கொப்பியில், எவ்வளவுக்கு எழுதி வாழ்கிறது என்று கேட்டு ஒருவராவது ஒரு பிரதி அனுப்பினால், மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு அதை முதலில் வாசிப்பேன்.